நாட்டுச் செடி, வந்தேறிச் செடி: நாயுடுபுரத்திலிருந்து சில குறிப்புகள்

'நாட்டு' என்கிற முன்னொட்டுக்குத் தமிழில் விசித்திரமான ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் அது மட்டமானதைக் குறித்தது. நாட்டு ஓடு மட்டம், சீமை ஓடு உசத்தி. நாட்டுச் சர்க்கரை வீட்டாளுக்கு, சீனி விருந்தாளிக்கு. நாட்டு வைத்தியர் என்றால் அதில் பாதி ஏளனம். இன்றைக்கு அதே முன்னொட்டுக்குக் கூடுதல் விலை. நாட்டுக்கோழி, நாட்டு மாட்டுப் பால், நாட்டு விதை. 'சீமை' என்பதோ சீமைக் கருவேலத்தோடு சேர்ந்து வசவாகிவிட்டது. எதிர்வு தலைகீழாகியிருக்கிறதே தவிர உடையவில்லை. தெரிதாவைத் தமிழில் பேச ஆரம்பித்த நாட்களில் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்ட விஷயம்தான் இது: தலைகீழாக்கியதோடு நின்றுவிட்டால் வீட்டுக்குள் ஆள்தான் மாறியிருக்கும், வீடு மாறியிருக்காது.

நாயுடுபுரத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது இந்த முன்னொட்டு செடிகளோடு சேர்ந்து புழங்குவதைப் பார்க்க முடிந்தது. ஓய்வு பெற்றவர்கள், பங்களாக்காரர்கள், ஆசிரியர்கள், கொஞ்சம் இளைஞர்கள் என்று கூடி, வீட்டுத் தோட்டத்தில் அந்நியச் செடியை எடுத்துவிட்டு இந்த மலைக்குரிய செடியை நடச் சொல்கிறார்கள். நாற்று கொடுக்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள். நல்ல மனிதர்கள், நன்றாக உழைக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. நான் விமர்சிக்க நினைப்பது அவர்கள் பேசுகிற மொழியை. அந்த மொழி அவர்கள் உண்டாக்கியது அல்ல, அவர்களுக்குள் அது பேசிக்கொண்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். அது சின்ன நியாயமில்லை. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். அதிலிருந்து கொடைக்கானலின் வரலாறே தோட்டத்தின் வரலாறுதான். 1863இல் லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து ஏரி அமைத்தார். 1908இல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் பூங்கா போட்டார். புல்தரை, ரோஜாப் பாத்தி, பேரி மரம் என்று வெயிலில் வாடிய வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரை இங்கே பிரதி எடுத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே இங்கே இருந்தது அவர்கள் கண்ணில் 'காலி இடம்'. அதில்தான் பெரிய கேடு விளைந்தது. பழனி மலையின் மேல்மட்டம் முழுக்கக் காடு அல்ல. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி. புல் மழையை வாங்கி மெதுவாகக் கீழே விடும், சோலை ஓடையைக் காக்கும். புல்வெளியைப் பார்த்த வருவாய் நிர்வாகத்துக்கு அது தரிசாகத் தெரிந்தது, வனத்துறைக்கு மரம் நட வேண்டிய இடமாகத் தெரிந்தது. வேட்டில், யூக்கலிப்டஸ், பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். 2018இல் வெளியான ஒரு செயற்கைக்கோள் பட ஆய்வு, 1973க்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கணக்கிட்டது. விழுங்கியவை மரத்தோட்டமும் விவசாயமும். கோடையில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு வழியில் ஏற்கெனவே தெரியும்.

இதை எதிர்த்து இங்கே வேலை நடந்திருக்கிறது. 1985இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு நாற்றங்கால் போட்டது, வழக்குப் போட்டது, 2001இல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் வெளியே தெரிய வந்தபோது களத்தில் நின்றது. இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் இருவரும் 2001இல் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கி, யாரும் திரும்பிப் பார்க்காத சோலை மரங்களை விதையிலிருந்து வளர்த்தார்கள். ஏசு சபைப் பாதிரியார் கே. எம். மேத்யூ 1999இல் பழனி மலைத் தாவரங்களுக்குப் பெரிய நூல் கொடுத்தார். அதே மேத்யூ, முப்பது வருஷம் முன்னால் 1969இலேயே, கொடைக்கானலின் வெளியூர்ச் செடிகளைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு 'மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு' என்று ஒரே அடியில் தள்ளிவிடுகிற இடதுசாரிச் சோம்பலில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் சொல்லுக்கு வருவோம். கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுந்த சொல் 'வந்தேறிச் செடி'. சொன்னவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்ச் சூழலில் இது செடிக்காக உண்டாக்கப்பட்ட சொல் அல்ல. 1994இல் குணாவின் 'திராவிடத்தால் வீழ்ந்தோம்' வந்ததையொட்டி நடந்த சண்டைகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இந்தச் சொல் யார் முகத்தில் எறியப்பட்டது என்று. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் வந்தேறி. அதில் பண்ணையார் நாயுடுவும் அடக்கம், சாக்கடை அள்ள இறக்கப்பட்ட அருந்ததியரும் அடக்கம். பண்ணையாருக்கு அந்தச் சொல்லால் பெரிய சேதம் ஒன்றுமில்லை. அடி விழுந்தது மற்றவருக்கு. அப்படிப்பட்ட சொல் நாயுடுபுரம் என்று பெயர் வைத்திருக்கிற ஊரில், செட்டியார் பூங்காவுக்குப் பக்கத்தில், யாருக்கும் உறுத்தாமல் செடிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

செடிக்கும் மனுசனுக்கும் முடிச்சுப் போடாதீங்க சார் என்று ஒரு நண்பர் சொன்னார். முடிச்சுப் போட்டது நான் இல்லை. 1942இல் சாக்சனியைச் சேர்ந்த தாவரவியலாளர்கள் சிலர், காட்டில் பரவிய ஒரு சிறு பூச்செடியை, காசித்தும்பை இனத்தைச் சேர்ந்தது, அடியோடு ஒழிக்க வேண்டுமென்று அறைகூவல் விட்டார்கள். அதைப் போல்ஷவிசத்துக்கு எதிரான போரோடு ஒப்பிட்டார்கள். நாஜிகளின் ஆட்டோபான் சாலையோரங்களில் மண்ணுக்குரிய செடி மட்டுமே இருக்க வேண்டுமென்று நிலவடிவமைப்பாளர் ஆல்வின் சைஃபர்ட் வாதாடினார். டாஹாவ் முகாமில் இயற்கை முறையில் மூலிகைத் தோட்டம் இருந்தது. அதில் மண் கிளறியவர்கள் கைதிகள், அங்கேயே செத்தும் போனார்கள். அறுபது வருஷம் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் வேறு மாதிரி. 2000 ஜனவரியில் கேப்டவுன் மலையில் தீ பிடித்தபோது பழி அந்நியத் தாவரங்கள் மேல் விழுந்தது. அந்தப் பேச்சும் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து பிழைக்க வந்த கறுப்பர்கள் மேலான வெறுப்பும் ஒன்றோடொன்று எப்படிக் கலந்தன என்று ஜீன் கோமரோஃப், ஜான் கோமரோஃப் எழுதியிருக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு, நாட்டுச் செடி நடுகிறவரெல்லாம் ஃபாசிஸ்ட் என்று முடிப்பது சுலபம். அப்படி முடிப்பது அபத்தம். தென்னாப்பிரிக்காவிலேயே 1995இல் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைப்பு' திட்டம், ஆற்றங்கரை வேட்டிலை வெட்டுகிற வேலையை ஏழைகளுக்குக் கூலியோடு கொடுத்தது. அதே செடி, அதே வெட்டு, அரசியல் வேறு. எல்லாச் செடியும் வரட்டும், கலப்பே அழகு என்று பின்நவீனத்துவத்தைச் செடி மேல் தெளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேட்டிலுக்கு உங்கள் பன்மைத்துவம் தெரியாது. அது படர்ந்த இடத்தில் புல் சாகும். மரக்கூழ் ஆலைக்காரனுக்கு உங்கள் கட்டுரை ரொம்பப் பிடிக்கும்.

என் கேள்வி வேறு. அளவுகோல் எது, பிறப்பா செயலா? ஒரு செடி எங்கே பிறந்தது என்று கேட்கிறோமா, இங்கே என்ன செய்கிறது என்று கேட்கிறோமா? பிறப்பை வைத்துத் தூய்மை அளக்கிற பழக்கம் மூவாயிரம் வருஷமாக ஊறிப் போன சமூகத்தில் இந்தக் கேள்வியைத் தாவரவியல் நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. 'தூய', 'கலப்பில்லாத', 'மண்ணுக்குரிய' என்று வரிசையாக வரும்போது ஒரு தலித்தின் காது அதை எப்படிக் கேட்கும் என்று அந்தக் கூட்டங்களில் யாராவது யோசித்திருப்பார்களா, தெரியவில்லை.

பிறப்பை வைத்தே பார்ப்போம் என்றால் இந்த மலையில் யார் மிஞ்சுவார்கள்? பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கொடைக்கானலின் சொத்து என்று. பூண்டு மத்திய ஆசியச் செடி. உருளைக்கிழங்கு தென்னமெரிக்கா. மேல்மலைக் கிராமங்களின் நிலக்காரச் சாதியான குன்னுவர் சில நூற்றாண்டுகளுக்கு முன் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று நெல்சனின் மதுரை நூலும் (1868), பிரான்சிஸின் கெசட்டியரும் (1906) சொல்கின்றன. அவர்களுக்கு முன்னாலேயே இங்கே இருந்த புலையர்கள் அவர்களிடம் அடிமைப்பட்டுப் போனார்கள். அந்தப் புலையர்கள் தங்களைப் பழங்குடியாக அங்கீகரிக்கச் சொல்லி நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள். பட்டியல் சாதி என்ற சான்றிதழ்தான் அவர்களுக்குக் கிடைக்கிறது. 'மண்ணுக்குரியது' என்ற சான்றிதழ் ஒரு செடிக்குக் கிடைக்கிற வேகத்தில் மனிதர்களுக்குக் கிடைப்பதில்லை.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் கதை இன்னும் சுவாரசியம். நாயுடுபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சங்கத்திணை, தமிழ்க்கடவுள், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ, மூன்றும் சேர்ந்த பெயர். இதைவிட மண்ணுக்குரிய ஒன்றைக் கற்பனை செய்ய முடியுமா? 1936இல் அதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. பிறப்பால் ஆஸ்திரேலியப் பெண், ஹாரிசன் என்பது பழைய குடும்பப் பெயர். வேட்டிலும் யூக்கலிப்டஸும் எந்த நாட்டிலிருந்து வந்தனவோ அதே நாட்டுக்காரர். அவர் கட்டிய கோயிலில் நின்றுகொண்டு நாம் நம் தொன்மையைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கோயிலை ஏற்றுக்கொள்கிற மனசு எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறது என்று சொல்லிவிட்டு அப்புறம் வந்தேறி என்று பேசலாம்.

சங்க இலக்கியத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறார். அதைப் பார்த்துத் தோட்டம் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தப் பட்டியலில் நெய்தலும் உண்டு, தாழையும் உண்டு, புன்னையும் உண்டு. கடற்கரைச் சரக்கு. ஏழாயிரம் அடியில் தாழை நட்டால் என்ன ஆகும்? கபிலர் தாவர அட்டவணை எழுதவில்லை, கவிதை எழுதினார். திணை என்பதே கலந்து வரக்கூடியது என்று இலக்கணக்காரர்களே ஒப்புக்கொண்ட விஷயம். நாம்தான் அதை எல்லைக்கல்லாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

மொழி சம்பந்தமாக இன்னொன்று. சோலை நம்முடைய சொல். வெள்ளைக்காரத் தாவரவியல் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் நாக்குக்கு ஏற்றபடி மாற்றியது. இப்போது நம்முடைய துண்டறிக்கைகளிலேயே அது 'ஷோலா' என்று திரும்பி வருகிறது, ஒரு கிரந்த எழுத்தைத் தலையில் சூடிக்கொண்டு. சொல்லுக்கு வேர் பிடுங்கியவர்கள் செடிக்கு வேர் தேடுகிறார்கள். நட்ட செடிகளுக்குப் பக்கத்தில் வைக்கிற பலகையிலும் லத்தீன் பெயர் இருக்கிறது, ஆங்கிலப் பெயர் இருக்கிறது, நன்கொடையாளர் பெயர் இருக்கிறது. தமிழ்ப் பெயருக்கான இடம் சிலவற்றில் காலி. பெயர் இல்லாமல் இல்லை. பளியர்களிடம் கேட்டால் கிடைக்கும், விறகு வெட்டுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். கேட்கிற வழக்கம்தான் இல்லை. செண்பகனூர் என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு மரத்தைச் சுமந்துகொண்டிருக்கிற மலையில் இது நடக்கிறது. வட்டக்கானல்காரர்கள் காப்பாற்றி வளர்த்த அரிய மரம் ஒன்று உருத்திராட்ச இனத்தைச் சேர்ந்தது. அதன் லத்தீன் பெயரில் இருப்பது பிளாஸ்கோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். மண்ணுக்குரிய மரத்துக்கு அயலூர்க்காரர் பெயர். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. அவர் இந்த மலைகளை நடந்து படித்தவர்.

இனி முக்கியமான விஷயம். 'அந்நியச் செடி ஆக்கிரமித்தது' என்ற வாக்கியத்தில் எழுவாய் செடி. இலக்கணப்படி சரி, வரலாற்றுப்படி பொய். வேட்டில் கப்பலேறித் தானாக வரவில்லை. பட்டை தோல் பதனிடவும், மரம் கூழாக்கவும் வேண்டியிருந்தது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலை போன்றவற்றுக்கு மலைகளிலிருந்து லாரி லாரியாக மரம் போயிற்று. நட்டது வனத்துறை, திட்டம் போட்டது அரசு, லாபம் பார்த்தது கம்பெனி. வெட்டியது யார்? 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 'தாயகம்' அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கினார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். நாடில்லாத மனிதர்கள் நாடில்லாத மரத்தை வெட்டினார்கள். செடியை எழுவாயாக்கிவிட்டால் இந்த மொத்த வரிசையும் காணாமல் போய்விடுகிறது: அரசு, கம்பெனி, குத்தகைக்காரர், கூலி. மிஞ்சுவது ஒரு குற்றவாளி, அதுவும் வாயில்லாத குற்றவாளி. பாதரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து ஆலையே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு இழப்பீட்டு உடன்பாடு வர 2016 ஆயிற்று. அந்த விஷயத்தில் 'அந்நியத் தனிமம் ஆக்கிரமித்தது' என்று யாராவது சொன்னார்களா? கம்பெனி பெயரைச் சொன்னார்கள். செடி விஷயத்திலும் அப்படிப் பேசப் பழகலாம்.

நாயுடுபுரத்தில் பங்களாத் தோட்டங்களில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிற ஓர் அக்காவிடம் இந்த நாட்டுச் செடி இயக்கம் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"முன்ன இருந்த அம்மா இந்தப் புல்லு, இந்தக் குறிஞ்சிச் செடி எல்லாம் களைன்னு புடுங்கச் சொல்லுச்சு. புடுங்குனோம். இப்ப இருக்கிற அம்மா அதையே நடச் சொல்லுது. நடுறோம். கூலி மட்டும் மாறலே தம்பி."

எல்லாத் தத்துவமும் இதில் இருக்கிறது என்று சொல்லி அவரைக் கவிதையாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னது கூலியைப் பற்றி. களை எது, செடி எது என்று தீர்மானிக்கிற இடத்தில் அவர் இருந்ததே இல்லை என்பதைப் பற்றி. எந்தப் புல் எந்த மாசம் முளைக்கும், எது பனிக்குத் தாங்கும், எதை மாடு தொடாது என்று அவருக்குத் தெரியும். பிடுங்கிப் பிடுங்கிக் கற்ற அறிவு. குழுவின் கூட்டத்தில் அவர் வந்தது டீ கொடுக்க.

அவர் வீட்டு வாசலையும் பார்த்தேன். ஒண்ணரை சென்ட் இடம். பெயிண்ட் வாளியிலும் எண்ணெய் டின்னிலும் ஜெரேனியம், டேலியா, ஹைட்ரேஞ்சியா, ஓரத்தில் புதினா. முதல் மூன்றும் முறையே தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ, ஜப்பான். பங்களாவில் கவாத்து செய்த குச்சியைக் கொண்டுவந்து ஊன்றியது. இந்த வாசலில் நின்று அந்நியச் செடி என்று பேச எவருக்கு வாய் வரும்? அந்த டேலியா யார் தண்ணீரையும் குடிக்கவில்லை, எந்தப் புல்வெளியையும் விழுங்கவில்லை. பத்து ஏக்கர் ரிசார்ட் ஒன்று ஓடையை வளைத்துக்கொண்டு முகப்பில் நாலு சோலை மரம் நட்டுப் பலகை வைத்தால், அந்தத் தோட்டம் 'நாட்டுத் தோட்டம்' ஆகிவிடுகிறது. செயலை வைத்து அளந்தால் எது வந்தேறி என்று தெரிந்துவிடும்.

தோட்டம் என்ற வடிவத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டம் என்றால் வேலி, பட்டா. நாயுடுபுரத்தில் பாதிப் பேருக்கு அது கிடையாது. இழந்தது புல்வெளி, அது பொது நிலம். பொதுவாகப் போனதைத் தனி வேலிக்குள் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் ஒரு நடுத்தர வர்க்க ஆறுதல் இருக்கிறது. நடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. தேனீயும் பட்டாம்பூச்சியும் பட்டா கேட்டு வருவதில்லை. ஆனால் 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பளியர்களின் வன உரிமை அதற்குள் எப்படி நிற்கிறது என்ற கேள்வியை எடுக்காமல் செடி மட்டும் பேசுகிற குழுவுக்கு அரசியல் இல்லை என்று அர்த்தமல்ல, அரசியல் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

2022இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை அறிவித்தது. உயர் நீதிமன்றமும் நெருக்கியது. இது சமவெளியில் ஏற்கெனவே பார்த்த நாடகம்: 2017இல் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது, ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்பது கடைசியில்தான் பேசப்பட்டது. மலையில் வேட்டிலை ஒரேயடியாக மொட்டையடித்தால் என்ன நடக்கும்? அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெளிச்சம் பட்டதும் ஒன்றுக்கு நூறாக முளைக்கும். ஸ்டூவர்ட், பால்கர் இருவரும் வேறொன்றையும் கவனித்துச் சொன்னார்கள்: பழைய வேட்டில் தோப்புகளின் நிழலுக்கடியில் சோலை மரக் கன்றுகள் தானாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே 'அந்நிய' மரம் செவிலியாக நிற்கிறது. புல்வெளியில் அதே மரம் கொலைகாரன். இடத்துக்கு இடம் வேறு வேலை. புல் திரும்ப வேண்டிய இடத்தில் வெட்டத்தான் வேண்டும், வெட்டிவிட்டு வருஷா வருஷம் வந்து முளைத்ததைப் பிடுங்கத்தான் வேண்டும். சோலை எழும்புகிற இடத்தில் பொறுத்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை 'வந்தேறி' என்ற சொல்லால் யோசிக்கவே முடியாது. டெண்டர் விடுகிறவருக்கோ அந்தச் சொல் ரொம்ப வசதி, எல்லாவற்றையும் ஒரே விலையில் எழுதிவிடலாம்.

வருஷா வருஷம் பிடுங்கப் போவது யார்? அந்த அக்கா மாதிரியானவர்கள்தான். அதற்குக் கூலி எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு, எந்தக் கணக்கிலிருந்து? நாயுடுபுரத்தின் பல அடுப்புகளில் இன்றைக்கும் எரிவது வேட்டில் சுள்ளி. சிலிண்டர் விலைக்குப் பயந்து தலைச்சுமையாக இறக்கி வருகிறார்கள். மரம் டெண்டரில் போய்விட்டால் விறகுக்கு என்ன ஏற்பாடு? கடைசியாக நான் போன கூட்டத்தில் இந்த இரண்டையும் கேட்டேன். தலைவர் குறித்துக்கொண்டார், அடுத்த மாசம் பேசலாம் என்றார். அதற்கப்புறம் நாற்று விநியோகம் தொடங்கியது.